‘கேன்சல்’ பட்டனில் மட்டும் கை வைக்காதீர்கள்

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். நாங்கள் செம்பூர் சேடா நகர் பக்கம் இருக்கிறோம். மே முதல் வாரம் ஆன்லைனில் ஒரு பிரிட்ஜ் ஆர்டர் போட்டேன். விலை 31,990 ரூபாய், கிரெடிட் கார்டில் ஒன்பது மாத ‘நோ காஸ்ட் இஎம்ஐ’. 9ஆம் தேதி டெலிவரி என்று போட்டிருந்ததால் அன்று காலையே பழைய பிரிட்ஜை பங்கார்வாலாவுக்கு (பழைய சாமான் வாங்குபவர்) 1,200 ரூபாய்க்குப் போட்டுவிட்டோம். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. 9ஆம் தேதி வரவில்லை, 12 என்றார்கள், அப்புறம் 16 என்றார்கள். நடுவில் ஒரு நாள் ‘டெலிவரி செய்ய வந்தோம், வீட்டில் ஆள் இல்லை’ என்று மெசேஜ். அன்றைக்கு நான், மாமியார், பையன் மூன்று பேரும் வீட்டில்தான் இருந்தோம். இன்னொரு நாள் ‘மோசமான வானிலையால் தாமதம்’. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது! இட்லி மாவைப் பக்கத்து வீட்டு மராத்தி அக்கா பிரிட்ஜில் வைத்துக் காலையில் போய் வாங்கி வருகிறேன், எத்தனை நாள் அவர் முகத்தைப் பார்ப்பது? கஸ்டமர் கேரில் கேட்டால், ‘மேடம், நீங்களே கேன்சல் பண்ணிட்டு மறுபடி ஆர்டர் போடுங்க, சீக்கிரம் வந்துடும்’ என்கிறார்கள். நான் பண்ணவில்லை. 19ஆம் தேதி அவர்களே ரத்து செய்துவிட்டார்கள். அதே பிரிட்ஜ் இப்போது 37,490 ரூபாய். ரீஃபண்ட் 30,079 ரூபாய் என்று காட்டுகிறது, மீதி 1,911 எங்கே போனது? இதற்குள் கார்டு ஸ்டேட்மெண்டில் முதல் தவணை வேறு வந்து நிற்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகி, செம்பூர்

பதில்: முதலில் ஒரு சபாஷ் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் அத்தனை முறை சொல்லியும் நீங்கள் கேன்சல் பட்டனைத் தொடவில்லை. இந்த விவகாரத்தில் உங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய பிடி அதுதான்.

ஏன் என்று கேட்டால் என் கதையைத்தான் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் தீபாவளிக்கு மகளும் மாப்பிள்ளையும் வருகிறார்கள் என்று ஒரு கட்டில் ஆர்டர் போட்டேன். எந்தக் கடை என்பது வேண்டாம். தேதி தள்ளிக்கொண்டே போனது, இதே பாட்டுத்தான், ‘நீங்களே கேன்சல் பண்ணிடுங்க சார்’. தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது கோபத்தில் அழுத்திவிட்டேன். அப்புறம் ஏன் இவ்வளவு நாள் இழுத்தடித்தீர்கள், விலை வித்தியாசத்தை யார் தருவது என்று கேட்டபோது வந்த பதில் ஒரே வரி: ‘எங்கள் பதிவின்படி வாடிக்கையாளரே ஆர்டரை ரத்து செய்துள்ளார்.’ அவர்கள் சொன்னது பொய்யும் இல்லை, அழுத்தியது என் கட்டை விரல்தானே. மாப்பிள்ளை பாயில் படுத்தார், பாவம், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். இன்று ராத்திரியே செய்ய வேண்டியது, ஆர்டர் பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுவது. முதலில் வந்த ஆர்டர் உறுதி மெயில், அதில் போட்டிருந்த 9ஆம் தேதி, தேதி மாறிய ஒவ்வொரு மெசேஜ், ‘ரத்து’ என்று வந்த பக்கம், இன்றைய விலை 37,490 என்று காட்டும் பக்கம், விற்பனையாளர் பெயரும் முகவரியும் இருக்கும் இடம், எல்லாமே. ரத்தான ஆர்டரின் பக்கத்தில் சில நாள் கழித்துப் பார்த்தால் பாதி விவரம் இருக்காது, அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

அடுத்தது ‘வீட்டில் ஆள் இல்லை’ சங்கதி. இதற்கு மும்பைக்காரர்களுக்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது, நம் சொசைட்டி கேட்டில் வாட்ச்மேன் வைத்திருக்கும் அந்த நீளமான நோட்டு. யார் வந்தாலும் பெயர், வண்டி எண், எந்த பிளாட், எத்தனை மணி என்று எழுதித்தானே உள்ளே விடுகிறார்கள்? காய்கறிக்காரரில் இருந்து கேபிள்காரர் வரை எழுதியிருக்கும் நோட்டில், ஆறடி பிரிட்ஜை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தவர் மட்டும் எழுதாமல் போயிருக்க முடியாது. அந்தத் தேதியின் பக்கத்தை முழுதாகப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், செயலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுத்தால் நல்லது. உங்கள் கட்டடத்தில் ஆப் வைத்து ஆட்களை விடுகிறார்கள் என்றால் அதிலும் அன்றைய பட்டியல் இருக்கும். கூடவே உங்கள் போனின் கால் பட்டியல். டெலிவரிக்கு வந்தவர் ஆள் இல்லாவிட்டால் ஒரு மிஸ்டு காலாவது கொடுத்திருப்பாரே.

இப்போது மெயில். கஸ்டமர் கேர் சாட்டில் மணிக்கணக்காக மல்லுக்கட்டாதீர்கள், அங்கே இருக்கும் பையனுக்கு மன்னிப்புக் கேட்பதைத் தவிர வேறு அதிகாரம் கிடையாது. 2020 ஜூலையில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி ஒவ்வொரு ஆன்லைன் கடையும் ஒரு குறைதீர் அலுவலரை நியமித்து, அவர் பெயர், பதவி, தொடர்பு விவரங்களைத் தளத்திலேயே போட்டிருக்க வேண்டும். பக்கத்தின் ஆக அடியில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற எழுத்தில் ‘கிரீவன்ஸ் ஆபீசர்’ என்று இருக்கும். உங்கள் புகார் கிடைத்தது என்று அவர் 48 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். புகாருக்கு எண் கேட்டு வாங்குங்கள்.

மெயிலில் கதை வேண்டாம். இட்லி மாவு, மாமியார், மராத்தி அக்கா, யாரும் வேண்டாம், அதையெல்லாம் எனக்கு எழுதுங்கள். அவர்களுக்கு இப்படி எழுதினால் போதும்: ‘இந்த எண் ஆர்டர், இந்தத் தேதியில் தருவதாகச் சொல்லி முழுப் பணமும் பெற்றீர்கள். இரண்டு முறை தேதி மாற்றினீர்கள். இந்தத் தேதியில் வந்ததாகச் சொன்னது உண்மையில்லை, கேட் பதிவேட்டின் படம் இணைப்பில். 19ஆம் தேதி என் சம்மதமில்லாமல் நீங்கள் ரத்து செய்தீர்கள். யார் ரத்து செய்தது, எதற்காக என்று எழுத்தில் சொல்லுங்கள். அதே விலைக்கு அதே பொருளைத் தாருங்கள், முடியாவிட்டால் முழுப் பணத்தோடு இஎம்ஐயால் எனக்கு ஏற்பட்ட செலவையும், விலை வித்தியாசம் 5,500 ரூபாயையும் தாருங்கள்.’ அவ்வளவுதான். தளத்துக்கும் விற்பனையாளருக்கும் சேர்த்தே அனுப்புங்கள். இல்லாவிட்டால் ‘நாங்கள் வெறும் சந்தை, விற்றது அவர்’ என்று இவர் சொல்வார், ‘அனுப்புவது அவர்கள் வேலை’ என்று அவர் சொல்வார், நடுவில் நீங்கள் பந்தாக உருள வேண்டும்.

அந்த வானிலை மெசேஜை நீங்கள் சிரித்துவிட்டு விட்டுவிடாதீர்கள். சொன்ன தேதியைத் தாண்டிப் பொருள் வந்தால் அதைத் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று அதே விதிகள் சொல்கின்றன, ஆனால் யார் கையிலும் இல்லாத இயற்கைக் காரணங்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஜூலையில் சயானிலும் குர்லாவிலும் தண்டவாளம் முங்கிக் கிடக்கும்போது வானிலை என்றால் நாமே ஒத்துக்கொள்வோம். மே மாத வெயிலில் அதைச் சொன்னது பதிவில் இருந்தால், மற்றக் காரணங்களையும் யாரும் நம்ப மாட்டார்கள். அதையும் ஸ்கிரீன்ஷாட்டில் சேர்த்துவிடுங்கள்.

இனி அந்த 1,911 ரூபாய். இதில் யாரும் உங்கள் பையில் கை விடவில்லை, பயப்பட வேண்டாம். நோ காஸ்ட் இஎம்ஐ என்றாலும் வங்கி வட்டி வாங்காமல் விடுவதில்லை. ஒன்பது மாதத்துக்கு 15 சதவீத வட்டி எவ்வளவு ஆகுமோ அதைக் கடைக்காரர் முன்கூட்டியே விலையில் தள்ளுபடி செய்துவிடுவார். 31,990இல் 1,911 போக உங்கள் கார்டில் தேய்த்தது 30,079தான். அதற்கு வங்கி வட்டி போட்டு, ஒன்பது தவணையில் மறுபடி 31,990 ஆக்கி வாங்கும். தவணை 3,554 ரூபாய் சொச்சம் என்று ஸ்டேட்மெண்டில் வந்திருக்கும், பாருங்கள். கார்டில் போனது 30,079 என்பதால் திரும்பி வருவதும் அதுதான்.

நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. ரீஃபண்ட் வந்துவிட்டால் இஎம்ஐ தானாக நின்றுவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். பல வங்கிகளில் அப்படி நிற்காது. பணம் கார்டுக் கணக்கில் வரவாக ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும், தவணை இன்னொரு பக்கம் மாதாமாதம் ஓடிக்கொண்டிருக்கும். ரீஃபண்ட் வந்த அன்றே வங்கிக்குப் போன் போட்டு, ‘வியாபாரி ஆர்டரை ரத்து செய்துவிட்டார், இந்த இஎம்ஐயை மூடுங்கள், முன்கூட்டி முடிக்கிற கட்டணம் போடாதீர்கள்’ என்று சொல்லி சேவைக் கோரிக்கை எண்ணை வாங்குங்கள். முதல் தவணையில் வட்டி 376 ரூபாய் இருக்கும், அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, ஏறக்குறைய 68 ரூபாய். பிராசசிங் கட்டணம் என்று ஒன்று போட்டிருந்தால் அதற்கும் ஜிஎஸ்டி. இந்தச் சில்லறையை வங்கி பெரும்பாலும் திருப்பித் தராது. ரத்து செய்தது கடை என்பதால் கடையிடம்தான் கேட்க வேண்டும். மெயிலில் ‘இஎம்ஐயால் ஏற்பட்ட செலவு’ என்று எழுதச் சொன்னது இதைத்தான். நீங்கள் கேன்சல் அழுத்தியிருந்தால் இதைக் கேட்க வாய் வருமா?

இன்னொன்று, தவணைத் தேதி வந்தால் ‘அதுதான் ரீஃபண்ட் வருகிறதே’ என்று கட்டாமல் விட்டுவிடாதீர்கள். தாமதக் கட்டணமும் வட்டியும் ஏறும், சிபில் ஸ்கோரும் அடி வாங்கும். கட்டிவிட்டுச் சண்டை போடுங்கள்.

‘ரீஃபண்ட் அனுப்பிவிட்டோம்’ என்று கடை சொல்லும், ‘எங்களுக்கு வரவில்லை’ என்று வங்கி சொல்லும். அந்தக் கட்டம் வந்தால் கடையிடம் ஏஆர்என் என்ற எண்ணைக் கேளுங்கள், கார்டு ரீஃபண்டுக்கு அது 23 இலக்கம். அதை வைத்து வங்கி தேடிப் பிடித்துவிடும். உண்மையிலேயே அனுப்பியிருந்தால் எண் இருக்கும், எண் தர இழுத்தால் அனுப்பவில்லை என்று புரிந்துகொள்ளலாம். பணமே வராமல் இழுத்தடித்தால் கார்டு வங்கியில் ‘பொருள் வரவில்லை’ என்று டிஸ்ப்யூட் எழுதிக் கொடுக்கவும் வழி உண்டு. அதற்குக் காலக்கெடு இருப்பதால் மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள்.

சரி, பழைய விலைக்குப் பிரிட்ஜ் கிடைக்குமா? நேராகச் சொல்கிறேன், உறுதி சொல்ல முடியாது. நீங்கள் படிக்காமல் ‘ஒத்துக்கொள்கிறேன்’ என்று டிக் அடித்த நிபந்தனைகளில் ‘பொருளை அனுப்பும்போதுதான் உங்கள் ஆர்டரை நாங்கள் ஏற்றதாக அர்த்தம்’ என்று பல தளங்கள் ஒரு வரி வைத்திருக்கின்றன. அதைத்தான் முதலில் நீட்டுவார்கள். ஆனால் அந்த வரி எல்லாவற்றுக்கும் கேடயமாகிவிடாது. நம் மும்பையிலேயே ஒருவர் 2022 ஜூலையில் ஆர்டர் போட்டுப் பணமும் கட்டிய ஐபோனை ஒரு பெரிய தளம் தானாகவே ரத்து செய்தது. டெலிவரிக்குப் போனோம், ஆள் இல்லை என்று இதே காரணத்தைத்தான் சொன்னார்கள். பணம் திரும்ப வந்திருந்தும் அவர் விடவில்லை, மாவட்ட ஆணையம் 2024இல் அவருக்கு 10,000 ரூபாய் நஷ்ட ஈடும் வழக்குச் செலவும் தரச் சொன்னது. ‘பணத்தைத்தான் திருப்பிவிட்டோமே’ என்பது முழுப் பதில் ஆகாது என்று இதில் தெரிகிறது.

குறைதீர் அலுவலர் சரியாகப் பதில் சொல்லவில்லை என்றால் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், காசில்லை, தமிழிலேயே பேசலாம். இவர்களுக்கு உத்தரவு போடுகிற அதிகாரம் கிடையாது, உங்கள் புகாரைக் கம்பெனிக்குத் தள்ளிப் பதில் கேட்பார்கள். ஆனால் பெரிய தளங்களில் இப்படி வரும் புகாரைப் பார்க்கத் தனி ஆட்கள் இருக்கிறார்கள், சாட்டில் மூன்று வாரம் நகராதது இங்கே நகர்வதைப் பல வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி பெங்களூரிலோ குருகிராமிலோ இருக்கிறதே என்று யோசிக்க வேண்டாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், செம்பூர் என்பதால் மும்பை புறநகர் மாவட்டம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே இல்லை, வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நடைமுறையில் அதைவிட நிறைய இழுக்கும். என்னைக் கேட்டால் 1915 வரை கண்டிப்பாகப் போங்கள். ஆணையத்துக்குப் போவது உங்கள் பொறுமையைப் பொறுத்தது.

அதுவரை பிரிட்ஜ் இல்லாமல் எப்படி? மாட்டுங்காவிலோ செம்பூர் ஸ்டேஷன் பக்கமோ கடையில் போய்ப் பேசிப் பாருங்கள். 37,490இல் பேரம் படியும், பெரும்பாலும் அன்றைக்கோ மறுநாளோ டெம்போவில் வந்துவிடும். அந்த பில்லை பத்திரமாக வையுங்கள், வித்தியாசம் கேட்கும்போது அதுதான் கணக்கு. பிரிட்ஜ் வீட்டுக்குள் வந்து, பிளக் போட்டு, குளிர்ந்த பிறகு மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: 1,450 ரூபாய்க்கு குக்கர் ஆர்டர் போட்டு அவர்களே ரத்து செய்தார்கள். பணத்தை அவர்கள் ஆப்பிலேயே ‘வாலட்’டில் போட்டுவிட்டு, அங்கேயே வேறு ஏதாவது வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். சரியா?
- வாசகர், முலுண்டு

பதில்: சரியில்லை. வங்கியில் இருந்து போன பணம் வங்கிக்குத்தான் வர வேண்டும், நீங்களாகச் சம்மதித்தால் ஒழிய. ரத்து செய்தபோது ‘உடனடி ரீஃபண்ட்’ என்று பெரிய பச்சைப் பட்டனும், ‘வங்கிக் கணக்குக்கு’ என்று சின்னதாகச் சாம்பல் எழுத்தும் வந்திருக்கும், பச்சையை அழுத்தியிருப்பீர்கள், ஞாபகப்படுத்திப் பாருங்கள். இப்படிக் கண்ணை ஏமாற்றும் வடிவமைப்புகளைத் தடுக்க 2023 நவம்பரில் மத்திய அரசு வழிகாட்டுதலே போட்டிருக்கிறது, 13 வகைத் தந்திரங்களைப் பட்டியல் போட்டு. வாலட்டில் இருப்பதைச் செலவு செய்யாமல், வங்கிக்கு மாற்றச் சொல்லி எழுதுங்கள். ஒரு ரூபாயை எடுத்துச் செலவழித்தாலும் ஒத்துக்கொண்டீர்கள் என்று பேசுவார்கள்.

கேள்வி: யுபிஐயில் 2,800 ரூபாய் கழிந்துவிட்டது, ஆனால் ஆர்டரே பதிவாகவில்லை. கடை, ‘எங்களுக்குப் பணம் வரவில்லை’ என்கிறது. பத்து நாள் ஆகிறது.
- வாசகர், டோம்பிவலி

பதில்: இது மேலே செம்பூர் வாசகி எழுதியதைப் போன்றது இல்லை, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அவருடையது ரீஃபண்ட், உங்களுடையது பாதியில் நின்ற பரிவர்த்தனை. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட சுற்றறிக்கை உங்களுக்குத்தான் உதவும். கணக்கில் கழிந்து, கடைக்கு உறுதி போய்ச் சேராத யுபிஐ பணம் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் வங்கி 100 ரூபாய் தர வேண்டும், நீங்கள் கேட்காவிட்டாலும். கடையோடு பேசி நேரத்தை வீணாக்காமல், யுபிஐ ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து அங்கேயே புகார் எழுப்புங்கள், 12 இலக்கக் குறிப்பு எண்ணோடு வங்கிக்கும் எழுதுங்கள். 30 நாளில் வங்கி தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவில்லை.

கேள்வி: ரீஃபண்டுக்காக கூகுளில் கஸ்டமர் கேர் எண் தேடிப் போன் செய்தேன். இந்தியில் ரொம்ப மரியாதையாகப் பேசினார், ஏதோ ஒரு ஆப்பை இறக்கச் சொன்னார், அப்புறம் யுபிஐ பின் போடச் சொன்னார். எட்டாவது படிக்கும் என் பையன் போனைப் பிடுங்கி அணைத்துவிட்டான். அவனைத் திட்டிவிட்டேன். பணம் போயிருக்குமா?
- வாசகி, தாராவி

பதில்: பின் போடவில்லை என்றால் யுபிஐயில் போயிருக்காது. பணம் வாங்குவதற்கு பின் தேவையே இல்லை, அனுப்புவதற்குத்தான் தேவை. கூகுளில் வரும் எண்களில் இப்படிப் போலியானவை நிறைய, கடையின் ஆப்புக்குள் இருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள். அந்த ஆப் நம் போன் திரையை அவர் பார்ப்பதற்கானதாக இருக்கும், முதலில் அதை நீக்குங்கள். வேறொரு போனில் இருந்து வங்கிக்குச் சொல்லி பின்னையும் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள், கணக்கை ஒரு தடவை பாருங்கள். ஒரு ரூபாய் குறைந்திருந்தாலும் உடனே 1930க்கு போன் போடுங்கள், முதல் சில மணி நேரத்தில் சொன்னால் போகிற வழியிலேயே பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது.

பையனைத் திட்டியதற்கு இன்று சாயங்காலம் அவனுக்கு ஒரு பாவ் பாஜி வாங்கிக் கொடுத்துவிடுங்கள், எக்ஸ்ட்ரா வெண்ணெய் போட்டு.